நாளுக்கு ஐந்து வேளை வலேரியன்: ஒரு நிகழ்வு ஆய்வு

58 வயது ஆண். இதயத் தமனி நோய், உயர் ரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு என்று ஏற்கெனவே நீண்ட நோய் வரலாறு உள்ளவர். நுரையீரலில் ஒரு கணு தெரிந்ததால், அது என்னவென்று பார்க்க முழு மயக்கம் கொடுத்து மார்பைத் திறந்து திசு எடுக்கிறார்கள். அதன் பிறகுதான் சிக்கல். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 150 வரை ஏறுகிறது. சிறுநீர் குறைகிறது. ஆக்சிஜன் தேவை கூடிக்கொண்டே போகிறது. இதயம் தேவைக்கு மேல் ரத்தத்தை இறைத்து இறைத்துக் களைக்கும் வகைச் செயலிழப்பின் அடையாளங்கள் தெரிகின்றன. கூடவே டெலிரியம், அதாவது திடீர் மனக்குழப்பம்.

அவருடைய மருந்து வரலாற்றில் இதய மருந்துகளோடு இன்னொன்றும் இருந்தது: வலேரியன் என்ற மூலிகைச் செடியின் வேர்ச் சாறு. மன அமைதிக்கும் தூக்கத்துக்கும் என்று பல ஆண்டுகளாக எடுத்துவந்திருக்கிறார். ஒரு வேளைக்கு 530 மில்லிகிராம் முதல் 2 கிராம் வரை, நாளுக்கு ஐந்து வேளை. மருத்துவமனையில் சேர்ந்ததும் அது நின்றுபோனது. பதற்றம் தணிக்கவும் தூக்கத்துக்கும் தரப்படும் பென்சோடையசபின் வகை மருந்துகளை திடீரென்று நிறுத்தினால் வருகிற நிலைபோல இருக்கிறதே என்று மருத்துவர்கள் யோசித்து, அதே வகையைச் சேர்ந்த மிடசோலம் கொடுத்தார்கள். நோயாளி தேறினார். பிறகு அதே வகையில் இன்னொன்றான குளோனாசிபாமைப் படிப்படியாகக் குறைக்கும் திட்டத்தோடு வீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

இந்தக் குறிப்பு 1998-ல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழான ஜாமாவில் ஒரு கடிதமாக வெளிவந்தது. சின்னக் கடிதம்தான். ஆனால் தூக்கத்துக்கான மூலிகைகளைப் பற்றிப் பேசும் மருத்துவக் கட்டுரைகள் பலவும் இன்றுவரை அதைத் தொட்டுச் செல்கின்றன. 'வலேரியனை நிறுத்தினால் ஆபத்து' என்ற ஒற்றை வரியாக அதைச் சுருக்கிச் சொல்பவர்களும் உண்டு, 'ஒரே ஒருவருக்கு நடந்ததுதானே' என்று தள்ளிவிடுபவர்களும் உண்டு. இரண்டுமே இந்த நிகழ்வுக்கு நியாயம் செய்வதில்லை. இதில் உள்ளதைப் பிரித்துப் பார்த்தால், மூலிகைத் தூக்க மாத்திரை எடுப்பவருக்கும் அவருக்கு மருத்துவம் பார்ப்பவருக்கும் தேவையான பாதி விஷயங்கள் கிடைத்துவிடும்.

அளவும் வேளையும்

முதலில் கணக்குப் போடுவோம். ஆய்வுகளில் தூக்கத்துக்காகப் பொதுவாகக் கொடுக்கப்படும் வலேரியன் சாறு 300 முதல் 600 மில்லிகிராம் வரை, படுக்கப் போவதற்கு அரை மணியோ ஒரு மணியோ முன்பு, ஒரே வேளை. இவர் எடுத்தது குறைந்தபட்சம் நாளுக்கு 2.65 கிராம், அதிகபட்சம் 10 கிராம். அதாவது வழக்கமான மேல் அளவைப்போல நாலு மடங்குக்கு மேல் தொடங்கி, பதினாறு மடங்கைத் தாண்டி வரை.

என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது அளவைவிட அந்த 'ஐந்து வேளை'தான். தூக்கத்துக்கு எடுக்கிற ஒன்றை ஒருவர் ஏன் பகலில் நாலு முறை எடுக்கவேண்டும்? வலேரினிக் அமிலம் என்பது இந்த வேரின் முக்கியமான வேதிப்பொருள். மாத்திரை விழுங்கிய ஒன்றிரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு உச்சத்தைத் தொடுகிறது, அதன் பிறகு வேகமாகக் குறைகிறது. சீக்கிரம் வந்து சீக்கிரம் போகிற எந்த அமைதி மருந்தையும் தொடர்ந்து எடுப்பவர்களுக்கு, இரண்டு வேளைகளுக்கு நடுவே லேசான பதற்றம் எட்டிப் பார்ப்பதும், அதைத் தணிக்க அடுத்த வேளையை முன்கூட்டியே எடுப்பதும் மருத்துவர்களுக்குப் பழகிய வரிசை. இவருக்கும் அப்படித்தான் நடந்தது என்று உறுதியாகச் சொல்ல அந்தக் கடிதத்தில் ஆதாரம் இல்லை. ஆனாலும் என் பார்வையில், தூக்க மூலிகை பகலுக்குள் நகர்ந்துவிட்டது என்பதே ஒரு நோய்க்குறி. நோயாளியிடம் 'எத்தனை மில்லிகிராம்' என்று கேட்பதோடு 'எந்தெந்த நேரத்தில்' என்றும் கேட்கவேண்டியது இதனால்தான்.

இன்னொன்றும் இதில் ஒளிந்திருக்கிறது. பகலிலும் எடுத்தார் என்றால் அவருடைய பிரச்சினை வெறும் தூக்கமின்மையாக இருந்திருக்காது. பதற்றம், மூச்சுத் திணறலால் இரவில் விழிப்பு, இதய மருந்துகளால் வரும் தொந்தரவு என்று எதுவாகவும் இருக்கலாம். இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்குத் தூக்கத்தின்போது மூச்சு நின்று நின்று வருவது நிறையவே உண்டு. அதற்கு எந்த வேரும் மருந்தல்ல. காரணத்தைத் தேடாமல் தூக்கத்தை மட்டும் வரவழைக்கப் பார்க்கும்போது, அளவு ஏறிக்கொண்டே போவதற்கு வழி திறந்துவிடுகிறது.

மூளையில் நடப்பது

நரம்பு செல்களின் கிளர்ச்சியைத் தணிக்கிற முக்கிய வேதித் தூதுவர் காபா. அது செல்லின் மேலுள்ள காபா-ஏ ஏற்பியில் ஒட்டும்போது குளோரைடு அயனிகள் உள்ளே போய், செல் அமைதியாகிறது. பென்சோடையசபின்கள், பழைய தூக்க மருந்துகளான பார்பிச்சுரேட்கள், மது எல்லாமே இந்த ஏற்பியின் வெவ்வேறு இடங்களில் வேலை செய்பவைதான்.

வலேரினிக் அமிலமும் இதே ஏற்பியில்தான் கை வைக்கிறது. பீட்டா-3 என்ற துணைக்கூறு உள்ள ஏற்பிகளில் அது ஒட்டி, காபாவின் செயலைக் கூட்டுகிறது. இதை நிரூபித்த விதம் அழகானது: அந்தத் துணைக்கூறில் ஒரே ஒரு அமினோ அமிலத்தை மாற்றி வைத்த சுண்டெலிகளில், வலேரினிக் அமிலத்தின் பதற்றம் தணிக்கும் விளைவு காணாமல் போய்விட்டது. ஆனால் பென்சோடையசபின் ஒட்டும் இடமும் இது ஒட்டும் இடமும் ஒன்றல்ல. பென்சோடையசபினை முறிக்கும் ஃபுளூமசெனில் வலேரினிக் அமிலத்தைத் தடுப்பதில்லை. வேறு இடம், ஆனால் விளைவு ஒரே திசையில்.

தணிக்கும் மருந்து நாளெல்லாம், ஆண்டுக்கணக்கில் மூளையில் இருந்தால் மூளை சும்மா இருப்பதில்லை. தன் பக்கத்திலிருந்து கிளர்ச்சியைக் கூட்டி ஈடுகட்டுகிறது. ஒரு கதவை இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு பேர் சமபலத்தில் தள்ளிக்கொண்டிருக்கும்போது ஒருவர் சட்டென்று விலகினால் என்ன ஆகுமோ, மருந்து நின்றதும் அதுதான் ஆகிறது. இதயம் படபடக்கிறது, வியர்க்கிறது, கை நடுங்குகிறது, தூக்கம் போகிறது, மோசமான நிலையில் வலிப்பும் டெலிரியமும் வருகின்றன. மதுவை நிறுத்தியவர்களிடமும், பென்சோடையசபினை நிறுத்தியவர்களிடமும் மருத்துவர்கள் அடிக்கடி பார்ப்பது இது. ஆரோக்கியமான இளம் வயதுக்காரரின் இதயம் இந்த ஓட்டத்தைத் தாங்கிவிடும். ஏற்கெனவே செயலிழப்பு உள்ள இதயம் எப்படித் தாங்கும்?

வலேரியன் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதற்கு இன்னொரு பக்கத்திலிருந்தும் ஒரு குறிப்பு உண்டு. டையசபாம் என்ற பென்சோடையசபினைப் பழக்கி நிறுத்திய எலிகளில், வலேரியன் அந்த நிறுத்தத்தின் பதற்றத்தைக் குறைத்தது என்று 1994-ல் ஓர் ஆய்வு வந்தது. ஒன்றின் இடத்தை இன்னொன்று ஓரளவு நிரப்புகிறது என்றால், இரண்டும் மூளையில் பக்கத்துப் பக்கத்தில் வேலை செய்கின்றன என்று பொருள்.

வேறு என்னவாக இருக்கலாம்?

இங்கேதான் நிதானம் வேண்டும். மார்பைத் திறந்து அறுவை செய்துகொண்டவருக்கு இதயம் வேகமாகத் துடிக்கவும் மனம் குழம்பவும் நூறு காரணங்கள் இருக்கின்றன. வலி, ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு, தொற்று, மாரடைப்பு, வலி மருந்துகள், மயக்க மருந்தின் மிச்சம், உப்புகளின் ஏற்ற இறக்கம். இதய நோயாளிகளுக்கு அறுவைக்குப் பின் டெலிரியம் வருவது அபூர்வமும் அல்ல. அந்தக் கடிதத்தை எழுதியவர்களே, நோயாளி எடுத்துவந்த பல மருந்துகளையும் நடந்த அறுவையையும் காட்டி, வலேரியன்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்று ஒப்புக்கொண்டார்கள். அந்த நேர்மைக்காகவே அந்தக் கடிதத்தை மதிக்கிறேன்.

சரி, எடை எந்தப் பக்கம் சாய்கிறது? இரண்டு விஷயங்கள் வலேரியன் பக்கம் நிற்கின்றன.

முதலாவது, இதயச் செயலிழப்பின் வகை. பலவீனமான இதயம் அறுவையால் தளர்ந்தால் பொதுவாக அது இறைக்கும் ரத்தத்தின் அளவு குறையும். இவருக்குத் தெரிந்ததோ அதற்கு நேர்மாறு, அதிக இறைப்பு. அப்படி நடக்க உடலை ஏதோ ஒன்று விரட்டவேண்டும்: கடும் தொற்று, தைராய்டு மிகைச் சுரப்பு, கடுமையான ரத்தசோகை, தயமின் (வைட்டமின் பி1) குறைபாடு, அல்லது நிறுத்தத்தால் அட்ரினலின் பொங்குவது. பட்டியல் குறுகுகிறது.

இரண்டாவது, மிடசோலத்துக்கு அவர் தேறிய விதம். சாதாரண அறுவைக்குப் பிந்தைய டெலிரியத்தில் பென்சோடையசபின் கொடுத்தால் குழப்பம் தெளிவதில்லை, பெரும்பாலும் கூடத்தான் செய்யும். அதனால் அத்தகைய நோயாளிகளுக்கு அதைத் தவிர்க்கவே பார்ப்பார்கள். அது முதல் மருந்தாக நிற்பது, மது அல்லது பென்சோடையசபின் போன்றவற்றை நிறுத்தியதால் வரும் டெலிரியத்தில்தான். இவர் தேறினார் என்பதால் காபா வழியில் ஏதோ ஒரு நிறுத்தம் நடந்திருக்கிறது என்ற சந்தேகம் வலுக்கிறது. ஆனால் 'ஏதோ ஒன்று' என்பதைத் தாண்டி அது போகாது. மிடசோலம் எந்த நிறுத்தம் என்று பார்த்து வேலை செய்வதில்லை. படபடப்பை எந்தக் காரணத்திலும் ஓரளவு தணிக்கவும் செய்யும்.

மருந்துப் பக்கவிளைவுக்குக் காரணம் எவ்வளவு உறுதி என்று மதிப்பிட 1981 முதல் புழக்கத்தில் உள்ள நரஞ்ஜோ அளவுகோலில் இந்த நிகழ்வைப் போட்டுப் பார்த்தேன். மூலிகை நின்ற பிறகு விளைவு வந்தது என்பதற்குப் புள்ளி உண்டு. வேறு காரணங்கள் இருக்க முடியும் என்பதால் ஒரு புள்ளி கழிகிறது. மீண்டும் கொடுத்து நிறுத்திப் பார்க்கவில்லை, யாரும் பார்க்கவும் கூடாது. முறிமருந்துக்குத் தேறினாரா என்ற கேள்விக்கு மிடசோலத்தைத் தாராளமாகக் கணக்கில் எடுத்தால் இன்னொரு புள்ளி. கூட்டினால் 'சாத்தியம்' என்ற கட்டத்தில்தான் விழுகிறது. 'பெரும்பாலும்' என்ற கட்டத்துக்கு ஏறவில்லை.

அந்தத் தீர்ப்பு எனக்குச் சரியாகவே படுகிறது. தூக்கத்துக்குத் தரும் சாதாரண அளவில் சில வாரங்கள் நடந்த ஆய்வுகளில் இப்படிப்பட்ட கடுமையான நிறுத்த விளைவு தெரியவில்லை. ஆகவே இரவில் ஒரு மாத்திரை எடுப்பவர் இதைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டியதில்லை. அளவும் காலமும் எங்கோ போய்விட்டவருக்குத்தான் இது எச்சரிக்கை.

புட்டிக்குள் இருந்தது எது?

இந்த நிகழ்வில் எனக்கு மிகப் பெரிய ஓட்டையாகத் தெரிவது வேறொன்று. அவர் விழுங்கிய மாத்திரையில் உண்மையிலேயே வலேரியன் இருந்ததா, எவ்வளவு இருந்தது, வேறு ஏதாவது கலந்திருந்ததா? 530 மில்லிகிராம் என்பது புட்டியின் மேல் எழுதியிருப்பது. உள்ளே இருப்பதற்கு அது சாட்சி ஆகாது. வலேரியனும் ஒரே பொருள் அல்ல. வேரின் வயது, உலர்த்திய விதம், சாறு இறக்கப் பயன்படுத்தியது நீரா எத்தனாலா என்பதைப் பொறுத்து வலேரினிக் அமிலத்தின் அளவு மாறுகிறது. உலர்ந்த வேரின் குமட்டும் நாற்றத்துக்குக் காரணமான ஐசோவலேரிக் அமிலம்கூட வேர் பழையதாக ஆக ஆகக் கூடுவதுதான். நாற்றம் பலமாக இருக்கிறது, அதனால் வீரியமும் அதிகம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

எழுத்துக்கும் உள்ளடக்கத்துக்கும் இடைவெளி எவ்வளவு போகும் என்பதற்கு மூலிகை அல்லாத ஒரு தூக்க மாத்திரை உதாரணம் இருக்கிறது. கனடாவில் விற்ற 31 மெலடோனின் தயாரிப்புகளைப் பரிசோதித்து 2017-ல் வெளியான ஆய்வில், சிலவற்றில் எழுதியிருந்த அளவைவிட 83 சதவீதம் குறைவாக இருந்தது, சிலவற்றில் 478 சதவீதம் அதிகமாக இருந்தது. எட்டுத் தயாரிப்புகளில் மூளையின் இன்னொரு வேதித் தூதுவரான செரடோனின் கலந்திருந்தது. 2023-ல் அமெரிக்காவில் மென்று தின்னும் மிட்டாய் வடிவில் விற்ற 25 மெலடோனின் தயாரிப்புகளைச் சோதித்தபோது 22-இல் எழுதியிருந்த அளவு தவறு.

மூலிகையிலும் இதைவிடக் கசப்பான நிகழ்வு உண்டு. 1993-ல் அமெரிக்காவில் ஜின் பு ஹுவான் என்ற பெயரில் விற்ற மாத்திரையைத் தெரியாமல் விழுங்கிய மூன்று குழந்தைகளுக்கு இதயத்துடிப்பும் மூச்சும் குறைந்து, உணர்வு மங்கியது. வலிக்கும் தூக்கத்துக்கும் என்று அதை எடுத்த பெரியவர்கள் சிலருக்குக் கல்லீரல் அழற்சி வந்தது. உறையில் எழுதியிருந்த செடி ஒன்று. உள்ளே இருந்ததோ லீவோ-டெட்ராஹைட்ரோபால்மட்டின் என்ற ஆல்கலாய்டு வகை வேதிப்பொருள், அதுவும் மாத்திரையின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். எந்தச் செடியும் இயல்பாக அவ்வளவு தராது. பிரித்தெடுத்துச் சேர்த்தால்தான் அப்படி இருக்கும்.

அதனால் நோயாளியின் புட்டியை நேரில் பார்ப்பதும், சிக்கல் வந்தால் அதை ஆய்வகத்துக்கு எடுத்து வைப்பதும் இந்த மாதிரி நிகழ்வுகளில் செய்தே தீரவேண்டியவை.

இத்தனைக்கும் தூக்கம் வந்ததா?

வலேரியன் தூக்கத்துக்கு உதவுகிறதா என்றால், பதில் மங்கலானது. 2006-ல் 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு, தூக்கத்தின் தரம் ஓரளவு கூடலாம் என்றது. ஆனால் ஆய்வுகளின் தரம் ஒன்றுக்கொன்று ஏறுமாறு. அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2017-ல் தந்த வழிகாட்டுதல், தூக்கம் வராததற்கும் நடுவில் விழிப்பதற்கும் வலேரியனைப் பயன்படுத்த வேண்டாம் என்றே பரிந்துரைத்தது, அதுவும் வலுவற்ற பரிந்துரை என்ற குறிப்போடு. நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தரவேண்டியது, தூக்கம் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்பது 2016-ல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் சொன்னது. அது நேரம் எடுக்கும், சொல்லித்தர ஆள் வேண்டும். மாத்திரை சுலபம். மக்கள் வேரைத் தேடிப் போவது எனக்குப் புரியாமல் இல்லை.

சீமைச் சாமந்தித் தேநீர் குடிப்பவர்களைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம், சாமந்திக் குடும்பச் செடிகளுக்கு ஒவ்வாமை இருந்தாலொழிய. மன அமைதிக்கு எடுக்கப்படும் காவா என்ற வேரின் கதை வேறு: கல்லீரல் பாதிப்புச் செய்திகளால் 2002-ல் ஜெர்மனி அதன் அனுமதியைத் திரும்பப் பெற்றது, 2014-ல் அங்கே ஒரு நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது, விவாதம் இன்னும் ஓயவில்லை. மன அமைதிக் கலவைகளில் சேர்க்கப்படும் செயின்ட் ஜான்ஸ் வார்ட் என்ற செடிதான் என்னை அதிகம் உறுத்துவது. அது கல்லீரலில் மற்ற மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. இதய மாற்று செய்துகொண்ட இருவருக்கு அதனால், நிராகரிப்பைத் தடுக்கும் மருந்தான சைக்ளோஸ்போரினின் அளவு ரத்தத்தில் சரிந்து, புது இதயத்தை உடல் நிராகரிக்கத் தொடங்கியது 2000-ல் பதிவானது. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின், கருத்தடை மாத்திரை என்று இன்னும் பல மருந்துகளின் வீரியத்தையும் அது குறைக்கும். வலேரியனில் ஆபத்து நிறுத்தும்போது என்றால், இதில் ஆபத்து எடுக்கும்போதே. 'மூலிகை' என்று ஒரே சொல்லால் எல்லாவற்றையும் அணைத்துப் பேசுவது ஏன் உதவாது என்பது இதிலேயே தெரியும்.

கேள்வியும் நாட்களும்

அமெரிக்காவில் எடுத்து 1993-ல் வெளியான ஒரு கணிப்பில், மாற்று மருத்துவம் பயன்படுத்தியவர்களில் 72 சதவீதம் பேர் அதை மருத்துவரிடம் சொல்லவில்லை. மறைக்கவேண்டும் என்று மறைப்பவர்கள் குறைவு என்றே நினைக்கிறேன். 'என்ன மருந்து எடுக்கிறீர்கள்' என்று கேட்டால் வேர்ச் சாறு ஞாபகத்துக்கே வராது, அதை அவர்கள் மருந்தாக எண்ணுவதில்லை. 'தூக்கம் வர, மனம் அமைதியாக எதையாவது எடுக்கிறீர்களா? மாத்திரை, பொடி, சொட்டு, தேநீர் எதுவாக இருந்தாலும் சொல்லுங்கள். பகலிலும் எடுப்பதுண்டா? ஒரு நாள் விட்டுவிட்டால் எப்படி இருக்கும்?' என்று கேட்டால் வரும். கடைசிக் கேள்விக்கு 'படபடப்பாக இருக்கும்' என்று பதில் வந்தால், அந்த நோயாளியின் அறுவைக்கு முந்தைய திட்டமே மாறவேண்டும்.

2001-ல் அதே ஜாமா இதழில், அறுவைக்கு முன் கவனிக்கவேண்டிய எட்டு மூலிகைகளைப் பற்றி ஒரு மதிப்பாய்வு வந்தது. பூண்டையும் ஜின்செங்கையும் ஏழு நாட்கள் முன்பும், செயின்ட் ஜான்ஸ் வார்ட்டை ஐந்து நாட்கள் முன்பும், ஜிங்கோவை 36 மணி நேரம் முன்பும், காவாவை ஒரு நாள் முன்பும் நிறுத்தச் சொன்னது. வலேரியனுக்கு அப்படி ஒரு நாள் கணக்கு தரவில்லை. பழகிப்போனவர் திடீரென்று நிறுத்தக்கூடாது, அறுவைக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே மருத்துவர் கண்காணிப்பில் மெல்ல மெல்லக் குறைக்கவேண்டும் என்றது.

ஆனால் அறுவை பல நேரங்களில் வாரக்கணக்கில் காத்திருக்காது. 'எல்லா மூலிகைகளையும் இரண்டு வாரம் முன்பே நிறுத்துங்கள்' என்று அச்சிட்ட தாளை மட்டும் நோயாளி கையில் கொடுத்தால், நாளுக்கு ஐந்து வேளை வலேரியன் எடுப்பவர் அதைப் பார்த்து ஒரே நாளில் நிறுத்திவிடுவார், படபடப்பு வீட்டிலேயே தொடங்கிவிடும். குறைக்க நேரமில்லாதபோது, அறுவை நாள் வரை வலேரியனை வழக்கம்போலத் தொடரவிடலாம் என்பதும் அந்த மதிப்பாய்வு தரும் வழிதான். அப்படியானால் மயக்க மருந்து நிபுணருக்கு அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் வலேரியன் மயக்க மருந்தின் விளைவைக் கூட்டக்கூடும், அளவை அதற்கேற்பப் பார்த்துக் கொடுக்கவேண்டியிருக்கும். கடைசி வேளை எப்போது, எவ்வளவு என்பது மருத்துவக் குறிப்பேட்டில் மற்ற மருந்துகளோடு அதே பட்டியலில் ஏறவேண்டும். அறுவைக்குப் பிறகு காரணம் தெரியாத வேகத் துடிப்போ குழப்பமோ வந்தால், ஆக்சிஜன், தொற்று, மாரடைப்பு எல்லாவற்றையும் பார்த்த கையோடு நிறுத்த விளைவையும் யோசித்து, பென்சோடையசபின் கொடுத்துப் பார்க்கலாம். இந்த 58 வயதுக்காரருக்குச் செய்தது அதுதான்.